பெயர் எழுதாத குழாய்கள்

தாப்பாவில் மாமியார் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது குணசேகரன் அண்ணனின் மனைவி புஷ்பம் அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணன் போயிட்டாரு. தொட்டிகிட்டதான் விழுந்து கெடந்தாரு" என்றார். நானும் என் மனைவி வசந்தியும் அப்படியே எழுந்து ஈப்போவுக்கு வண்டியை விட்டோம். வழி முழுக்க எனக்குக் குணசேகரன் அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கையுறைத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஓய்வு பெற்ற கையோடு வீட்டு ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டி, அதற்குள் கடலைக் கொண்டுவந்துவிட்டார். உயிருள்ள பவளங்கள், கோமாளி மீன்கள், பாறைக்கடியில் ஒளிந்துகொள்ளும் இறால்கள் என்று பார்க்கப் பார்க்கச் சலிக்காது.

கடையில் வாங்கிய கருவி என்று அதில் ஒன்றும் கிடையாது. தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவியை வடிகால் குழாயை வெட்டிச் செய்தார். வற்றும் தண்ணீரை ஈடு செய்யக் கழிவறைத் தொட்டியின் மிதவையைப் பொருத்தினார். ஒரு பழைய ஏர்கோனைப் பிரித்து அதைக்கொண்டு தொட்டியைக் குளிர வைத்தார். பவளம் வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கு லிட்டில் இந்தியாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கித் தெளிய வைத்து, தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். டப்பா டப்பாவாக அவர் எடுப்பதைப் பார்த்த கடைக்காரர், "என்னாண்ணே, வீட்ல எல்லாரும் வெத்தல போடுறீங்களா?" என்றார். "எம்புள்ளைங்களுக்குப் பல்லு மொளைக்குது லா" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு நடந்தார்.

"கடையில வாங்குனா அது கடக்காரன் தொட்டி. நாம செஞ்சாதான் நம்ம தொட்டி" என்பார். பேச்சுக்குப் பேச்சு இதுதான். தொட்டிக்குப் பின்னால் சமையலறைச் சுவர் முழுக்கக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். எல்லாம் ஒரே வெள்ளை நிறம். எந்த வால்வு எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு மார்க்கர் வாங்கிப் பேர் எழுதி வைங்கண்ணே" என்று நான் சொன்னபோது, "எனக்குத் தெரியுதுல்ல, போதும் லா" என்று முடித்துவிட்டார். தொழிற்சாலையில் பெயர் எழுதாத வால்வைக் கண்டால் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிற மனிதர் அவர்.

அந்தத் தொட்டி அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. ஜொகூரில் மகள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது புஷ்பம் அக்கா மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தார். இடையில் மின்சாரம் போனால் பம்ப்பை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. சில மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்தபோதும் அதே கேள்விதான். மருத்துவமனையில் படுக்கச் சொன்னார்கள். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது அக்கா என்னை வைத்துக்கொண்டே பொரிந்து தள்ளினார். "எனக்குக் காட்டிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்னு எத்தன தடவ சொல்லிட்டேன் தம்பி! ஒனக்கு வேணாம், கை வெச்சா ரோசாக் ஆயிடும்ங்கிறாரு. இத்தன வருசம் இவருக்கு ஒலை வெச்ச கைதானே இது?" அண்ணன் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கை பட்டால் ரோசாக், பழுதாகிவிடுமாம். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பம்ப்பின் வழக்கமான இரைச்சல் இல்லை. அண்ணனை வைக்கக் குளிர்ப்பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் இடம் தேடி, தொட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் பெட்டியின் பிளக்கைச் செருகியிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பம்ப் நின்றதும் மேலே இருந்த தண்ணீர் கீழே இறங்கிச் சமையலறைத் தரையெல்லாம் ஓடியது. வேறு பிளக்கில் பம்ப்பை ஓடவிட்டேன். குளிரூட்டும் தண்ணீர் எந்த வால்வு வழியாகப் போகிறது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்தவரை எழுப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

தூக்கும் நேரத்தில் அண்ணனின் மூத்த அக்கா வழக்கப்படி, "எடுத்ததும் வீட்ல நிக்கிற தண்ணி எல்லாத்தையும் கொட்டிடணும்" என்று பெண்களிடம் சொன்னார். குடம், வாளி, தோம்பு என்று காட்டிக்கொண்டே வந்த கை தொட்டியிடம் வந்து நின்றது. "இதுவும் வீட்டுத் தண்ணிதானே?"

புஷ்பம் அக்கா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். "இதத் தொடாதீங்க அண்ணி. இது கடத்தண்ணி. கடலுக்கு ஏது தீட்டு?"

யாரும் தொடவில்லை. ஆனாலும் தொட்டி பிழைக்கவில்லை. ஈப்போ வெயிலில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. அக்கா குழாய்களுக்கு முன்னால் நின்று, "இதுல எது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளிய நானும் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் கிளம்புவதற்குள் உயிர் இருந்தவற்றை வாளிகளில் அள்ளினோம். வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா, "இதுக்காகத்தானே ஆஸ்பத்திரியில படுக்கல" என்று மட்டும் சொன்னார். நான் வாளிகளை என் வண்டியில் ஏற்றினேன்.

அந்தப் பவளங்களில் சில இப்போது என்னிடம் இருக்கின்றன. அவர் நினைவாக நான் வைத்திருப்பது அவ்வளவுதான். தொட்டி, பம்ப், குளிரூட்டி எல்லாமே கடையில் வாங்கியவை. அண்ணன் பார்த்தால் காறித் துப்புவார். கொண்டுவந்து வைத்த அன்றே வசந்தியை அழைத்து எல்லாச் சுவிட்சையும் காட்டிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் நெஞ்சுப் பரிசோதனைக்காக என்னையும் மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தொட்டியைத்தான் பார்த்தேன். பவளங்கள் நன்றாக விரிந்திருந்தன. "எப்படிப் பாத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒன்னும் பெரிய வேல இல்லைங்க" என்றாள் வசந்தி.

அண்ணே, உங்களுக்காக நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.