கிறிஸ்துமஸ் வெள்ளை

தூத்துக்குடியில் நான் கட்டிய வீட்டுக்கு ஒரே ஒரு குறைதான். சுவர். கொத்தனார் பேச்சைக் கேட்டு ஆற்றுமணலோடு கடல்மணலையும் கலந்துவிட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா, மிச்சம் பிடிக்கத் தெரியும்! ஐப்பசி மழை பிறந்தால் சுவரெல்லாம் உப்புப் பூத்து, காரை பொரிந்து சோற்றுத் தட்டில் உதிரும். அந்த ஈரத்தில் என் மனைவிக்கு இளைப்பு வந்தது. சாத்தான்குளத்தில் அவள் அண்ணன் வீட்டில் பத்து நாள் இருந்தால் மூச்சு சீராகிவிடும். திரும்பி வந்தால் பழையபடி. "மருந்து நான் தாரேன், வீட்டை நீங்கதான் மாத்தணும்" என்றார் டாக்டர். இதை விற்றால்தான் அங்கே ஒரு வீடு வாங்க முடியும்.

தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்னார். முதல் நாளே ஒரு தப்பு செய்தார், எனக்குச் சட்டம் சொன்னார். "பாத்தாத் தெரியாத குறை இருந்தா விக்கிறவரு வாய்தொறந்து சொல்லிரணும் சார்வாள். சட்டத்துல இருக்கு."

நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா? வேதவசனம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். குறைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, வீடு பார்க்க வந்தவர்களிடம் நீட்டினேன்.

முதலில் வந்தவர் படித்துவிட்டு, "இவ்வளவையும் சொல்லுதாருன்னா சொல்லாதது எவ்வளவு இருக்கும்?" என்று தன் மச்சானிடம் என் காதுபடவே கேட்டார். அடுத்தவர், இங்கே யாராவது தூக்குப் போட்டுக்கொண்டார்களா என்று விசாரித்தார். மூன்றாமவர் காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

பத்திர எழுத்தர் வேம்பார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க வீட்ட விக்கியளா, பாவசங்கீர்த்தனம் செய்யுதியளா? அதுக்குச் சாமியார்ட்ட போங்க! மொதல்ல வெள்ளையடிங்க."

"சட்டம்?"

"வெள்ளையடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அது டிசம்பர். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத வீடே கிடையாது. நானும் அடித்தேன், இரண்டு பூச்சு. யாரும் சந்தேகப்பட முடியாத வெள்ளை. ஆண்டவரே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டேன். மனைவி அப்போது அண்ணன் வீட்டில் இருந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

நான்காவதாகக் கீழவைப்பாரிலிருந்து ஒருவர் வந்தார். காலமெல்லாம் உப்பளத்தில் உப்பு வாரிய மனிதர். சுவரைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கிறிஸ்துமஸ் வெள்ளையா சார்?"

"ஆமா."

சுண்ணாம்புக் காரத்தில் அந்த நாக்குக்கு வேறு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார். "மவளுக்கு மாசியில தலைப்பிரசவம். ஆசுபத்திரி பக்கமேன்னுதான் இந்த வீட்டப் பாக்கேன். பச்சப்புள்ள இருக்கப்போற எடம். மழைக்கு ஈரங்கீரம் வருமா?"

அந்தத் தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது. "வராது" என்றேன்.

"வாத்தியார் சொன்னாச் சரிதான்" என்று அங்கேயே முடித்துக்கொண்டார். தையில் பத்திரம் பதிவாயிற்று. யாதொரு வில்லங்கமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த ஐப்பசியில் சாத்தான்குளத்தில் நல்ல மழை. மழை விட்ட நேரம் பார்த்து என் மனைவி கிணற்றடியிலிருந்து குடத்தோடு நடந்து வந்தாள், துளி இளைப்பில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அதே மழை அங்கேயும் பெய்யும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம் இருக்கும்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "நம்ம வீட்ட வாங்குனவங்ககிட்ட சுவரப் பத்திச் சொல்லிட்டியள்லா?"

"சொல்லிட்டேன்."

"அதான்! நீங்க மறைக்காமச் சொன்னதுக்குத்தான் ஆண்டவர் எனக்கு மூச்சத் திருப்பித் தந்திருக்காரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் அதற்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்தில் முழங்காலிட்டு நான் ஆமென் சொன்னேன்.