புஷ்பவள்ளியின் ரேகை

புஷ்பவள்ளியின் கைவிரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்தது. கல்யாணமாகி அண்ணாகிராமத்துக்கு வந்தவள், பண்ருட்டி பக்கத்தில் ஒரு முந்திரி கம்பெனியில் கொட்டை உடைக்கப் போனாள். அந்த ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோலை உரித்துவிடும். விளக்கெண்ணெய் தடவினாலும் சாம்பல் பூசினாலும் அது தன் வேலையைக் காட்டாமல் விடாது. ரேஷன் கடையில் அவள் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறாள். "நான் திருடப் போனா போலீசுக்கு ஒரு துப்பும் கெடைக்காது" என்று பெருமை வேறு.

அந்தப் பெருமை போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு இறங்கிப்போனது. கடலூர் ஹெட் ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. தொழிலாளிகள் எல்லோரும் அவரவர் சொந்த போனில் கம்பெனியின் பாதுகாப்பு ஆப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். கேட்டில் விரல் வைத்துப் பச்சை டிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அது மட்டுமில்லை, அதற்கப்புறம் போன் முழுக்கவே அந்த விரலுக்குத்தான் திறக்கும். நம்பர் போட்டுத் திறக்கிற பேச்சே இல்லை. வெளிநாட்டுக்காரன் பருப்பு வாங்குகிறானாம், அவனுக்குப் பாதுகாப்பு வேண்டுமாம். அவன் தின்கிற பருப்புக்கும் இவள் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆளில்லை.

போன் அவள் ஆசையாக வாங்கியது. மகள் ஸ்ரீமதி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சாயங்காலமானால் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும். இப்போது வேலையும் போய்விடும், போனும் பூட்டிக்கொள்ளும் போலிருந்தது. கம்பெனி மேனேஜர் இளவரசுவிடம் கையை விரித்துக் காட்டினாள்.

"சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு வாம்மா" என்றார் அவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் ஆப்பை ஏற்றி, விரலைப் பதியச் சொன்ன இடத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். போன் அசைந்து கொடுக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் அய்யனாருக்குச் சிரிப்பு.

"கைதான் ஆகல, காலையாவது வச்சிப் பாரேன்."

"கிண்டலா மாமா ஒனக்கு?" என்றவள், அவன் கை கழுவப் போனதும் போனைத் தரையில் போட்டு வலது கால் கட்டைவிரலை வைத்தாள். போன் பரம சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற தமிழ்ச்செல்விக்குச் சொன்னாள். தமிழ்ச்செல்விக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அந்த வாரமே, கொட்டை உடைத்து உடைத்து ரேகை போன பெண்கள் அத்தனை பேரும் கேட்டில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் மேசைக்குப் பின்னால் போனைக் கீழே வைப்பது, கட்டைவிரலை வைப்பது, டிக் விழுந்ததும் எடுப்பது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளைக் காலால் தொட்டுவிட்டுச் சும்மா போக யாருக்கு மனசு வரும்? போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

கேட்டுக்கு மேலே ஒரு காமிரா இருந்தது. மேசை மறைத்ததால் அதில் கால் தெரியாது, கும்பிடு தெரியும். கடலூரில் உட்கார்ந்து இதைப் பார்த்த பாதுகாப்பு அதிகாரி பாலகுமாருக்கு மெய்சிலிர்த்துப் போனது. பண்ருட்டி தொழிலாளர்கள் ஆப்பைப் பக்தியோடு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று முதலாளிக்கு மெயில் போட்டார். பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவருக்கே சந்தேகம் தட்டியது. கும்பிடுகிறார்கள் சரி, விரல் வைப்பதைக் காணோமே? மேசைக்கடியில் எவனோ ஒளிந்துகொண்டு எல்லோருக்கும் விரல் வைக்கிறான் என்று முடிவு கட்டி, காரை எடுத்துக்கொண்டு வந்தே விட்டார். வரிசையில் முதல் ஆளாக நின்ற புஷ்பவள்ளியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். இளவரசுவும் பக்கத்தில் நின்றார்.

"இது ஆள்மாறாட்டம்மா. உன் போனை நீயே தொறந்து காட்டு. இல்லன்னா இன்னையோட வேலைக்கு வராதே."

மேசைமேல் கிடந்த போனில் கை கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. இன்னும் ஒரு தடவை தப்பானால் போன் பூட்டிக்கொள்ளும் என்று எழுத்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே தமிழ்ச்செல்வியும் மற்றவர்களும் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள்.

புஷ்பவள்ளிக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. பெரிய மனுஷன் எதிரில் காலை நீட்டுவதா? அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி இல்லை. ஆனால் வேலை போனால் ஸ்ரீமதி படிப்பு என்னாவது?

"கோச்சுக்காதீங்க சார்" என்று போனை எடுத்துத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரலை வைத்தாள்.

பச்சை டிக் விழுந்தது.

இளவரசு கூரையைப் பார்த்தார். பாலகுமாருக்குத் தான் போட்ட மெயில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், காது வரைக்கும் சிவந்துபோனார்.

"கையில ரேகை எங்கம்மா போச்சு?" என்றார் கடைசியில். குரலில் அதிகாரம் இல்லை.

"நீங்க ஏத்துமதி பண்ற பருப்போடதான் சார் போச்சு. இத்தினி வருசமா கொஞ்சம் கொஞ்சமா கப்பல் ஏறிடுச்சி."

பாலகுமார் அவள் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் அவள் பெயருக்கான படிவத்தைத் திறந்தார். எந்த விரல் என்று கேட்கிற இடத்தில் கால்விரலுக்கு இடமில்லை. வலது கை கட்டைவிரல், ரேகை நல்ல நிலையில் உள்ளது என்று பதிந்துவிட்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

தமிழ்ச்செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.