வழுக்கைத் தலையரின் சீப்பு

மூளையின் சமிக்ஞைகளைக் கணினியில் படிக்கும் ஆராய்ச்சியாளர் அவர். பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் இழந்த என் அப்பாவுக்காகக் கோவையிலிருந்து பல்லடம் வருவார். வழுக்கைத் தலை, ஆனாலும் பையில் சீப்பு இருக்கும். சமிக்ஞைகளைப் பிடிக்க அப்பாவுக்கு மாட்டிய கம்பித் தொப்பியைக் கழற்றியதும், முடியில் ஒட்டிய பசையைத் துடைத்துத் தலைவாரிவிட்டுத்தான் கிளம்புவார்.

வலக்கையை அசைப்பதாக அப்பா நினைத்தால் திரையில் 'ஆமாம்' வரும். இடக்கை என்றால் 'இல்லை'. "வலிக்குதுங்களா?" என்று தவறாமல் கேட்பார். எப்போதும் 'இல்லை'தான்.

ஒருநாள் அப்பாவின் முதுகில் படுக்கைப்புண்ணைக் கண்டோம். அவர் வந்ததும், "மிஷின் தப்பாச் சொல்லிருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சரியாத்தானுங்க சொல்லுது. ஐயா நல்லா இருந்தப்ப, வந்தவங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்லியிருக்காருங்களா?"

"சொன்னதே இல்லீங்க."

"அதை மொதல்லயே உங்ககிட்டக் கேட்டிருக்கோணுமுங்க" என்றார். பிறகு அப்பாவிடம் குனிந்து, "எம்மேல கோவமுங்களா?" என்றார்.

திரையில் 'இல்லை' என்று வந்தது. அவர் நம்பவில்லை. அன்று அப்பாவுக்கு வெகுநேரம் தலைவாரிக்கொண்டிருந்தார்.