முந்நூறு கதவு வாங்கியவர்

கடைத்தெருவில் அவளை எல்லாரும் மெஷின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளில் இருக்கும் பழைய பில் மெஷினைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொடுப்பது அவள் வேலை. மாட்டுவதில் ஒன்றுமில்லை. அதன் பிறகு முதலாளிகளைச் சமாதானப்படுத்துவதில்தான் உயிர் போகும். பழைய மெஷினில் பில் போட்டால் பணப்பெட்டி பாய்ந்து வந்து வயிற்றில் இடிக்கும். புதியது இடிக்கவில்லை என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் ரொம்ப நாள் வருத்தப்பட்டார். இடி வாங்கினால்தான் வியாபாரம் நடந்ததாக அவர் மனம் ஒப்பும்.

புதிய மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வாங்குகிறவரின் பெயரும் போன் நம்பரும் கொடுக்காமல் முதல் பில்லைப் போடாது. அதனால் ஒவ்வொரு கடையிலும் சோதனை பில் போடும்போது அக்கா தன் கணவரின் நம்பரைத் தட்டுவாள். பெயர் கேட்கும் இடத்தில் 'நிதானம்' என்று போடுவாள். வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். லாரிகளை நிறுத்தி எடைபோடும் மேடையில் அவருக்கு வேலை. லாரி அசையாமல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். வீட்டிலும் அதே கதைதான். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு மற்றக் காலைப் பற்றி யோசிக்கிற மனிதர். கடைக்குப் போவதென்றால் அவருக்கு வேப்பங்காய். அவருடைய சட்டை முதல் சவரக்கத்தி வரை அக்காதான் வாங்கி வர வேண்டும்.

சோதனை பில் என்றால் பேருக்கு ஒன்று போட்டால் போதாது. பெரிய எண்ணைத் தாங்குகிறதா, காகிதம் சிக்காமல் வருகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆகவே நிதானம் மரக்கடையில் முந்நூறு கதவு வாங்கினார். கண்ணாடிக்கடையில் எண்பது மூக்குக்கண்ணாடி. சவப்பெட்டிக் கடையில் பன்னிரண்டு பெட்டி, எல்லாம் ஒரே அளவில். சோதனை முடிந்ததும் அந்த பில்களை அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அக்கா அழிக்கிற பொத்தானை ஏதோ ஒரு கடையில் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினாள். அந்தக் கடையில் அன்று காலையிலிருந்து வாங்கிய அத்தனை பேரும் அழிந்துபோனார்கள். நிதானம் மட்டும் மிஞ்சினார். அதற்கப்புறம் அந்தப் பொத்தான் பக்கமே அவள் கை போகவில்லை.

வருடக் கடைசியில் வணிகர் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர்தான் மரக்கடை முதலாளி. தெருவிலேயே அதிகம் வாங்கிய வாடிக்கையாளருக்கு விழா எடுத்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பது என்று முடிவு செய்தார். எல்லாக் கடைக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்திருந்ததால், யார் அந்த ஆள் என்று கேட்டதும் மெஷின் கண் இமைப்பதற்குள் சொல்லிவிட்டது: நிதானம். இரண்டாம் இடத்தில் வந்த ஓட்டல்காரர் கிட்டத்தில்கூட இல்லை.

விஷயம் காதில் விழுந்ததும் அக்கா மரக்கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்க நடந்ததையெல்லாம் சொன்னாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, பழைய மெஷின் தப்புத் தப்பா காட்டும், இதுதான் சரியா காட்டும்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன். ஆனா இது சோதனைக்குப் போட்டதுங்க. உங்க கடையில முந்நூறு கதவு என்னிக்கு இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

தலைவர் திரும்பிக் கடையின் உட்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். "அதான் வித்துப்போச்சே" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அழைப்பு கணவரின் போனுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. தான் எதுவும் வாங்கவில்லையே என்றார் அவர். அக்கா தலையில் அடித்துக்கொண்டு விவரம் சொன்னாள். சாப்பாடு ஆறிப்போகும் வரை யோசித்துவிட்டு, மனுஷன் மதித்துக் கூப்பிட்டிருக்கிறான், போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லி, சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தார்.

சங்கக் கூடத்தில் அவரை அதுவரை கண்ணால் பார்த்திராத முதலாளிகளெல்லாம் அவரை நன்றாக ஞாபகம் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அவருடைய வெறும் கண்களை உற்றுப் பார்த்து, இன்றைக்கு ஏன் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை என்று விசாரித்தார். சவப்பெட்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"உங்க வீட்ல என்னதாங்க நடந்துச்சு?"

நிதானம் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க."

சவப்பெட்டிக்காரர் மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டு வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார்.

கடைசியில் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் போய் நின்று, லாரியைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்தார். வெகுநேரம் கழித்து, "நான் அவ்வளவா வாங்கறதில்லைங்க" என்றார். என்ன அடக்கம் பாருங்கள் என்று கூடமே எழுந்து கைதட்டியது.

வேலை போய்விடும் என்று அக்கா பயந்துகொண்டே இருந்தாள். நடந்தது தலைகீழாக. இத்தனை நாளாகப் பழைய மெஷினைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் தாங்களாகவே அவளைத் தேடி வந்தார்கள். அவளைக் கண்டாலே கதவைச் சாத்துகிற பொத்தான்கடை அம்மா, புது மெஷின் வைத்தால் வீட்டுக்காரரும் கூட வருவாரா என்று கேட்டாள். கம்பெனி மேனேஜர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவரையும் வரச் சொல்லுங்கள் என்றார். மெஷின் மாட்டுகிற கடையில் முதல் வியாபாரம் அவர் கையால். போக்குவரத்துச் செலவும் டீயும் கம்பெனி பொறுப்பு.

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு திரைச்சீலை எடுக்கக் கூப்பிட்டால் காலில் வலி என்று படுத்துக்கொண்ட மனிதர், இப்போது அவளுக்கு முன்னால் தலை வாரி வாசலில் நிற்கிறார். இருந்தாலும், மெஷின் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவில் நடந்தபோது, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலைக்குப் போவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பெட்டி கனமாகவும் இல்லை.

பொத்தான்கடையில் மெஷினை மாட்டி முடித்தாள். அவர் எதிரே வந்து நின்றார். கடை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். முறையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பேர் சொல்லுங்க."

"நிதானம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். தன் போன் நம்பர் அவருக்கே ஞாபகமில்லை. அவளே சொல்லி அவளே தட்டிக்கொண்டாள். பிறகு அவர் தட்டுத் தட்டாகப் பொத்தான்களை இறக்கச் சொல்லிப் பார்த்து, நாலு துளை போட்ட பழுப்புநிறப் பொத்தான் ஒன்றை எடுத்தார். கடை அம்மாவுக்கு முகம் லேசாகச் சுருங்கியது. இன்றைக்கு ஒன்று போதுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். யோசித்து வருகிறேன் என்றார் அவர்.

சொன்னபடியே மறுநாள் போனார், யாரும் கூப்பிடாமலே. பொத்தான் பெரிது, சட்டை ஓட்டையில் நுழையவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடை அம்மா பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா விழுந்தடித்து வந்து எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தாள். விற்றதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அந்த மெஷினுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அவள் சோதித்துப் பார்த்ததே இல்லை. நிதானம் இதுவரை எந்தக் கடையிலும் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லையே.

அரை மணி நேரம் அவள் போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கடை அம்மா, கீழ்த்தட்டிலிருந்து பழைய மெஷினை இழுத்தெடுத்து, தூசி தட்டி, ஒயரைச் சொருகி, ஒரே தட்டலில் முந்தின நாள் பொத்தானை வரவு வைத்துச் சின்னதாக ஒன்றைக் கொடுத்தாள்.

அவர் அந்தப் பழைய மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. இதை ஏன் மாத்தற?" என்று மனைவியைக் கேட்டார்.

அக்கா அவரை முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் கடையை விட்டு இறங்கியிருப்பார்கள். அதற்குள் கடை அம்மா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். அவர் உட்கார்ந்து அடுத்த தட்டைப் பார்க்கத் தொடங்கினார்.