எருமைக்கு ஆறிய புண்

புனே அருகே தளேகாவில் ஒரு தொழுவம் தீப்பிடித்தபோது, சுனந்தா என்ற பெண் உள்ளே ஓடித் தன் எருமையை அவிழ்த்துவிட்டார். வெந்துபோன அதன் முதுகு எந்த மருந்துக்கும் ஆறவில்லை. கால்நடை மருத்துவரான நான், வேறொரு எருமையின் கொழுப்பிலிருந்து எடுத்த, புதுத் திசு வளரச் செய்யும் ஸ்டெம் செல்களைப் புண்ணைச் சுற்றி ஊசியாகப் போட்டேன். மெல்லப் புதுத்தோல் மூடியது.

அதை நான் தடவிப் பார்த்துப் பூரித்து நின்றபோது, சுனந்தா முக்காட்டை விலக்கினார். கழுத்தெல்லாம் வெந்து சுருங்கியிருந்தது.

"டாக்டர் தாயி, இந்த ஊசிய எனக்கும் போடுவீங்களா?" என்று மராத்தியில் கேட்டார். தாயி என்றால் அக்கா.

"இது மாட்டுக்குப் போடுறது. மனுஷங்களுக்கு நான் போடக் கூடாது" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க தாயி. அதுக்காவது எரிச்சல் நின்னுச்சே."

எருமையைக் காப்பாற்றியவருக்குத் தர என்னிடம் எதுவுமில்லை. ஒவ்வொரு புண் ஆறும்போதும் இன்றும் அது உறுத்துகிறது.