மேற்குப் பார்த்த கடை

நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் எல்லோரும் அவரை ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜையில் உட்கார்ந்தால் கையில் முக்கோண அளவுகோல், வெளியே கிளம்பினால் கைப்பையில் இழுத்து அளக்கும் டேப். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர் திரும்பி, "இந்தப் படி மத்ததவிட ரெண்டு விரல் ஒசரம், பாத்து வாங்க" என்று பின்னால் வந்தவர்களை எச்சரித்தார். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவரே அளந்து பார்த்து, "சரியா ரெண்டு விரல்தாங்க" என்று போன் செய்தார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. படம் வரைகிறவராகச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. நகரத்தில் யார் என்ன கட்ட நினைத்தாலும் வரைபடம் முதலில் அவர் மேஜைக்குத்தான் வரும். அவரிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. சாலையிலிருந்து எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், படிக்கட்டு அகலம் போதுமா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா, லாரி எங்கே நின்று சரக்கு இறக்கும் என்று ஒவ்வொன்றாக அளந்து டிக் போட வேண்டும். பெரிய கட்டடமென்றால் அதற்குப் பிறகு வடிவமைப்புக் குழு கூடும். ஐந்து உறுப்பினர்கள் நீள மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். அக்கா சுவரோரம் இருந்துகொண்டு, கேட்டால் அளவைச் சொல்வார். கேட்காவிட்டால் வாயைத் திறந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது.

அந்த வருடம் ஒரு பாத்திரக்கடையின் வரைபடம் வந்தது. பத்தொன்பது வருடமாக ஒரு சந்துக்குள் கடை நடத்தியவர், பிரதான சாலையில் மனை வாங்கி மூன்று மாடி கட்டப் போகிறார். மேற்கிலிருந்து நேராக வரும் சாலை, வடக்கே திரும்பும் வளைவில் இருந்தது மனை. அந்தச் சாலையில் வருகிற யாரும் அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது. முகப்பு முழுவதும், தரையிலிருந்து மொட்டை மாடி வரை, நீலம் பூசிய ஒரே கண்ணாடி. கட்டடக் கலைஞர் முப்பது வயதுகூட ஆகாத பெண். வரைபடத்தில் ஒரு கோடு பிசகவில்லை. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தார். நாற்பத்திரண்டுக்கும் டிக் விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனாலும் கோப்பை மூட மனம் வரவில்லை. என்னவோ இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். கதவுக் கண்ணாடியில் பட்ட வெயில் பளிச்சென்று அக்காவின் கண்ணில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் பச்சையும் சிவப்புமாகப் பொட்டு பொட்டாக நீந்தியது. கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, "என்னங்க!" என்று குரல் கொடுத்தார்.

அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்போதுதான் வந்திருந்தார்.

"சாயங்காலம் அந்த வளைவுக்கு வர்றப்ப வெயில் எந்தப் பக்கம் இருக்கும்?"

"முதுகுல. அதனாலதான் அந்த ரோடு புடிக்கும். காலைல கண்ணக் குத்தும், சாயங்காலம் ராஜா மாதிரி வரலாம்."

"வளைவுல, உங்க முகத்துக்கு நேரா, மூணு மாடி ஒசரத்துக்குக் கண்ணாடி இருந்தா?"

வேன்காரர் ஒரு செருப்போடு நின்றார். "யாரு வைக்கறா?"

"பாத்திரக்கடை."

"பிள்ளைங்க ரோட்டத் தாண்டுற கோடு அங்கதானேம்மா இருக்கு?"

"வளைவுக்கு இருபத்தெட்டு மீட்டர் முன்னாடி."

"மீட்டர விடு. நான் கண்ணு தெரியாம வேன் ஓட்டணுமான்னு கேளு அவங்கள."

மறுநாள் அக்கா காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். சாயங்காலம் நாலே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை, சூரியன் சரிகிற கோணத்துக்கு, மேல்மாடிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் சரியாகப் பிள்ளைகள் சாலையைத் தாண்டும் கோட்டுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. காகிதம் சொன்னதை அக்கா அப்படியே நம்பிவிடுகிறவரல்ல. ஞாயிற்றுக்கிழமை பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றச் சொன்னார்.

கல்லூரிக்குப் போகும் மகள் சீப்பும் கையுமாக ஓடிவந்தாள். "அம்மா! நான் எதுல பாத்துத் தல வாருறது?"

"ஒரு நாளைக்கு வாராம இரு, ஒண்ணும் ஆயிடாது."

"ஏம்ப்பா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நானா? ஸ்க்ரூ கழட்டத்தாம்மா என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றார் வேன்காரர்.

மனைக்குப் பக்கத்தில் டயர்க்கடை. அதன் மொட்டை மாடிக்குக் கதவைத் தூக்கிக்கொண்டு போய், சுவரோடு சுவராக நேரே நிமிர்த்திப் பிடித்தார் வேன்காரர். அக்கா கீழே நடைபாதையில், கோட்டுக்குப் பக்கத்தில், போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

"கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க… இன்னும் கொஞ்சம்… நீங்க ஏன் திரும்புறீங்க? கண்ணாடியத் திருப்புங்க!"

"கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுட்டு நான் திரும்புனா என்ன, திரும்பலைன்னா என்ன?"

சரியாக ஐந்துக்கு ஐந்து நிமிடம். வெயில் வந்து முகத்தில் அறைந்தது. அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். எதிரே வந்த சைக்கிள் உரசுவதுபோல் கடந்த பிறகுதான் அப்படி ஒன்று வந்ததே அவருக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டார்.

குழு கூடியது வியாழக்கிழமை. பாத்திரக்கடை முதலாளி வந்திருந்தார். சந்தனக் கலர் சட்டை, நல்ல தொந்தி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவரைப்போன்ற சிரிப்பு. கட்டடக் கலைஞர் கடையின் மாதிரி உருவை மேஜையில் வைத்து விளக்கினாள். உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். குழுத்தலைவர், "அளவெல்லாம் சரிதானே?" என்று சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"அளவு சரிங்க" என்றார் அக்கா. பிறகு எழுந்து நின்றார். "ஆனா அளவுக்கு வெளிய ஒண்ணு இருக்கு. சொல்லலாமா?"

இருபத்தாறு வருடத்தில் முதல்முறை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாளை வைத்து வெயில் விழும் இடத்தைக் காட்டினார், பீரோக் கண்ணாடியை வைத்துப் பார்த்ததையும் சொன்னார். குரல் முதலில் நடுங்கியது. எண்களுக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

"இது படிவத்துல இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. அதனாலதான் டிக் போட எடமில்ல."

கட்டடக் கலைஞர் முகம் சிவந்தது. "நீங்க வச்சுப் பாத்தது முகம் பாக்குற கண்ணாடி. நான் போடுறது அது இல்லைங்க. இதுல திரும்புற வெளிச்சம் ரொம்பக் கம்மி."

அது நியாயமான பேச்சு. அக்கா அதை ஒத்துக்கொண்டார். "நீங்க போடுற கண்ணாடியே ஒரு துண்டு கெடைக்குமா?"

தலைவர் பேனாவை மூடினார். "சரி. நாளைக்கு நாலரைக்கு எல்லாரும் அங்க இருங்க. வண்டிய நிறுத்திப் புடிக்க ஒரு போக்குவரத்துக் காவலரை நான் கேட்டு வைக்கறேன்."

கதவளவு நீலக் கண்ணாடி ஒன்று வந்தது. கட்டடக் கலைஞரே டயர்க்கடை மாடியில் ஏறி நின்று, இரண்டு வேலையாட்களோடு அதைப் பிடித்தாள். குறுக்கே யாரும் வராமல் காவலர் பார்த்துக்கொண்டார். முதலாளி, "நானே ஓட்டிப் பாத்துடறேன். ஊருக்கெல்லாம் காட்டப் போற கண்ணாடிக்கு நான் பயப்படுறதா!" என்று காரை எடுத்தார்.

மேற்கிலிருந்து கார் மெதுவாக வந்தது. கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது சடாரென்று நின்றது. கதவு திறந்தது. கண்ணைக் கையால் மூடிக்கொண்டே இறங்கிய முதலாளி கத்தினார்:

"யாரும்மா அது மேல? அந்தக் கண்ணாடிய மொதல்ல எறக்குங்க!"

காவலர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். முதலாளிக்கே புரிந்து, அசடு வழியச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. கோட்டைப் பார்த்தார், காரின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

கட்டடக் கலைஞர் இறங்கி வந்து, கார் நின்ற இடத்தில் தானும் போய் நின்றாள். மாடியில் வேலையாட்கள் இன்னொருமுறை கண்ணாடியை நிமிர்த்தினார்கள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்துவிட்டு அக்காவிடம் வந்தாள்.

"நான் இங்க ஏழெட்டு தடவ வந்திருக்கேங்க. எல்லாம் காலைலதான். சாயங்காலம் ஒரு தடவகூட வரல."

"எனக்கும் எதிர்வீட்டு ஜன்னல் அடிக்கலைன்னா தெரிஞ்சிருக்காதும்மா. உன் படத்துல வேற ஒரு கொறையும் இல்ல."

முதலாளிதான் நொந்துபோயிருந்தார். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "பத்தொம்பது வருஷமாங்க, மருந்துக்கடை தாண்டி, சந்துல திரும்பி, மூணாவது கதவுன்னு வழி சொல்லியே வாய் வலிச்சுப்போச்சு. ரோட்டுல போறவன் திரும்பிப் பாத்தா என் பாத்திரமெல்லாம் தெரியணும். அவ்ளோதான் ஆச. அது தப்பா?"

"அது நல்ல ஆசதாங்க" என்றார் அக்கா. கீழே இறக்கிச் சுவரில் சாத்தியிருந்த நீலக் கண்ணாடியைக் காட்டினார். "இதுக்குள்ள பாருங்க. பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுதா?"

முதலாளி எழுந்து போய்ப் பார்த்தார். வானம் தெரிந்தது, கார் தெரிந்தது, அவரே தெரிந்தார்.

"என் தொப்பதான் தெரியுது."

"பகல்ல வர்றவங்களுக்கும் அதேதாங்க. வெளில வெளிச்சம் இருக்கறவரைக்கும் உங்க பாத்திரம் ஒண்ணும் தெரியாது. கடை நேரம் பாதி போயிடும்."

முதலாளி நிதானமாகக் கட்டடக் கலைஞர் பக்கம் திரும்பினார். "இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கண்ணாடி வேணும்னு சொன்னீங்க. அழகா வரையணும்னு நானும் ஆசப்பட்டுட்டேன்" என்றாள் அவள், மறைக்காமல்.

மூன்று வாரம் கழித்து அவள் புது வரைபடத்தோடு வந்தாள். குழுவுக்குக்கூடப் போகவில்லை, நேரே அக்காவின் மேஜைக்கு வந்து சுருளை விரித்தாள். தரைத்தளத்தை நாலு மீட்டர் உள்ளே தள்ளியிருந்தாள். அந்த நிழலுக்குள் எதுவும் பூசாத சாதாரணக் கண்ணாடி. பின்னால் பாத்திர அடுக்குகள், விளக்கு. மேல் இரண்டு மாடிக்கும் செங்கல் நிறத்தில் செங்குத்தான பலகைகள், ஒவ்வொன்றும் வடக்குப் பக்கம் சற்றுத் திருப்பி வைத்தவை. வெயில் பட்டால் பலகையிலேயே தங்கிவிடும்.

அக்கா அளவுகோலை எடுத்தார். அரைமணி நேரம் ஒவ்வொன்றாக அளந்தார். அவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"மழைக்கு ஒதுங்கி நிக்கலாம் போல இருக்கே இங்க" என்றார் கடைசியில்.

"ஐம்பது பேர் நிக்கலாங்க. ஒரு கல் பெஞ்சும் போடலாம்னு இருக்கேன்."

"ஒசரம்?"

"நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்."

"சரியான ஒசரம். முழங்கால் வலிக்காது."

குழுவில் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலைவர் படிவத்தில் நாற்பத்துமூன்றாவது கேள்வி ஒன்று சேர்க்கச் சொன்னார், வாசகத்தை அக்காவே எழுத வேண்டும் என்றார். ஒரு வரிதான். இரண்டு நாள் பிடித்தது. எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தவரைப் பார்த்து, "அம்மா பரீட்சை எழுதறாங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்று மகள் கேலி செய்தாள். ஒருவழியாக, 'முகப்பில் பட்டுத் திரும்பும் வெயில் எந்த நேரத்திலாவது சாலையில் வருகிறவர் கண்ணில் விழுமா?' என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அக்காவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருடம் கடை திறந்தது. கூட்டம் அடங்கட்டும் என்று ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்காவும் அன்று லீவு போட்டிருந்த வேன்காரரும் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் வாங்கப் போனார்கள். சாலையிலிருந்தே உள்ளே அடுக்கடுக்காகக் குடமும் தட்டும் தெரிந்தன. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் முகப்பின் நிழலில் நின்றார்கள். பெஞ்சில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கக்கா, வாங்க! நிக்க வர்றவன் உள்ள பாக்கறான், உள்ள பாத்தவன் ஒரு கரண்டியாவது வாங்காமப் போறதில்ல."

அக்கா ஒவ்வொரு பாத்திரமாகக் கையில் எடுத்து எடை பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், மூடியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கடைப்பெண் ஏழாவது பாத்திரத்தை எடுத்து வைத்தபோது வேன்காரர் பொறுமை இழந்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே மணி ஐந்து. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் காவலரின் கையசைப்புக்குச் சாலையைக் கடந்தார்கள். வண்டிகள் முதுகில் வெயிலோடு வந்து நின்றன. அடிப்பாகம் தட்டையாக, கனமாக, மூடி சரியாகப் பொருந்துகிற ஒரு பாத்திரம் கடைசியில் அக்காவுக்குப் பிடித்துப்போனது. கட்டச் சொல்லிவிட்டு வெளியே வந்து வேன்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. ரெண்டு லிட்டர்."

"நமக்கு ஒரு லிட்டர் போதுமேம்மா."

"பெருசா இருந்தா பால் பொங்கி வழியாது" என்றார் அக்கா. காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.