என் பெயரில் அவன் அடித்த கோல்கள்

அவன் இறந்துவிட்டான் என்று அவனுடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் நின்று பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா காலமை எழும்பேல்ல" என்றாள். நான் ஓம் ஓம் என்று மட்டும் சொன்னேன். அவள் வைத்த பிறகும் போன் என் காதிலேயே இருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒருவன் நித்திரையில் போவது உலகத்தில் நடக்காத விஷயமில்லை. ஆனால் நான் பாணை அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்காக ஊருக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை, நாளைக்கு நாளைக்கு என்று வருடக் கணக்காகத் தள்ளிப் போட்டு வந்தவன் நான்.

உடைத்தே சொல்கிறேன். கொழும்பில் அலுவலக அணிகளுக்கிடையில் நடந்த உதைபந்தாட்டப் போட்டிகளில் ஒரு காலத்தில் என் பெயர் பெரிய பெயர். மூன்று பருவம் நான்தான் அணியின் முன்கள வீரன். பத்திரிகையில் அப்படித்தான் இருக்கும். அந்தக் கோல்களில் ஒன்றையாவது நான் அடித்ததில்லை. அடித்தவன் அவன்.

யுத்த காலம். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்டை நம்பி வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்துக்கிடந்தான். நான் துறைமுகத்தோடு தொழில் செய்யும் ஒரு கப்பல் கம்பனியில் தற்காலிகக் கிளார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கொஞ்ச மணலில், அவன் வெறுங்காலோடு விளையாடியதைப் பார்த்தேன். பந்து அவன் இடது காலுக்கு வந்தால் அவசரப்பட மாட்டான். தடுக்க வந்தவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று மற்றவனுக்கு விளங்கும்போது பந்து கோலுக்குள் இருக்கும். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

அடுத்த நாளே எங்கள் அணியின் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எங்கள் பெரிய கிளார்க். பந்து என்றால் பைத்தியம். கம்பனியில் வேலை செய்பவர்கள் மட்டுமே விளையாடலாம் என்பது விதி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அணியில் பெயருக்கு இருந்தவன். பத்து யார் தூரம் ஓடினாலே மூச்சு இளைக்கும். என் பதிவு அட்டையிலிருந்து என் படத்தைக் கிழித்து, அவனுடைய படத்தை ஒட்டி, மேலே கம்பனி முத்திரையைக் குத்தினார். அன்றைக்கு நாங்கள் மூவரும் அதைச் சிரித்து மறக்கும் ஒரு பகிடி என்றே நினைத்தோம்.

ஆட்டம் தொடங்க முன் நடுவர் அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அவன் என் பெயருக்குப் பட்டென்று கையைத் தூக்குவான். முதல் நாள், கோட்டுக்கு வெளியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற நானும் பழக்கதோஷத்தில் "யெஸ் சேர்" என்றுவிட்டேன். நடுவர் திரும்பிப் பார்த்தார். அணி முழுக்க அடக்கமாட்டாமல் சிரித்து, எனக்குக் காது மந்தம் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

அந்தப் பருவத்து இறுதி ஆட்டம் நல்ல மழையில் நடந்தது. இடைவேளைக்கு முன் நாங்கள் இரண்டு கோல் பின்னால். மைதானம் சேறும் தண்ணீரும். மற்றவர்களெல்லாம் பந்தை உதைத்து உதைத்துச் சேற்றில் விழுந்தார்கள். அவன் பந்தை நிலத்தில் விடவேயில்லை. நெஞ்சில் வாங்கி, தொடையில் போட்டு, காலில் எடுத்தான். மூன்று கோல். மூன்றாவதுக்குக் கோல்காப்பாளரை முதலில் விழ வைத்துவிட்டு, அவர் விழுந்து முடியும்வரை காத்திருந்து, பந்தைச் சும்மா தள்ளிவிட்டான். நான் அழுதுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் பத்திரிகையில் என் பெயர், படமில்லாமல். மூன்று கோல் அடித்தவர் என்று கொட்டை எழுத்தில். அதைப் பார்த்தபோதுதான் நாங்கள் செய்தது என்ன என்று எனக்குச் சுருக்கென்று உறைத்தது. அம்மா கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். பத்திரிகைத் துண்டை வெட்டி, திருஇருதய ஆண்டவர் படத்துச் சட்டத்தில் செருகி வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கிழமையே டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கி, வேலையை நிரந்தரமாக்கினார். விளையாட்டு வீரர்களை அப்படிக் கவனித்த காலம் அது. கை குலுக்கும்போது என் காலை ஒரு தரம் பார்த்தார்.

மூன்றாவது பருவம் முடிந்தபோது ஏஜென்ட் ஓடிவிட்டான் என்பது அவனுக்கு உறுதியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் வேறொரு பெரிய கம்பனிக்காரர் வெள்ளவத்தைக் கடற்கரையில் அவன் விளையாடியதைக் கண்டிருக்கிறார். அவனுடைய சொந்தப் பெயரிலேயே வேலையும் தந்து, அணியிலும் சேர்க்கத் தயார். அங்கே விளையாடுபவர்களை நாட்டு அணிக்குத் தெரிவு செய்பவர்களும் வந்து பார்ப்பார்கள். அவன் சந்தோஷத்தோடு என்னிடம் ஓடி வந்தான். லொட்ஜ் வாசலில் நின்று கதைத்தோம். என் முகம் போன போக்கைக் கண்டு அவன் சிரிப்பு நின்றது.

"மச்சான், நீ உன் பேருல அங்க எறங்கின அன்னைக்கே உன் மூஞ்சிய எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க. என் வேல போயிரும்டா. வீட்ல ரெண்டு தங்கச்சிங்க" என்றேன்.

அவன் கடல் பக்கம் பார்த்தான். நிறைய நேரமில்லை. ஒரு ரயில் போய் முடியும் நேரம்தான்.

"சரி விடு. நான் போகேல்ல" என்றான்.

"யாருக்கும் சொல்லிராத."

"ஆருக்கும் சொல்லன். நீ பயப்பிடாத."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் எந்த மைதானத்திலும் இறங்கவில்லை. வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்தான், கலியாணம் முடித்தான், தெஹிவளையில் ஒரு தொடர்மாடிப் பிளட்டில் குடியேறினான். நான் காலில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி அணியிலிருந்து விலகினேன். சிரிக்காதீர்கள், அதற்காக இரண்டு மாதம் நொண்டி நடந்திருக்கிறேன். பெரிய கிளார்க் அந்த அட்டையை எரித்துவிட்டார். பிறகு அவரும் காலமாகிவிட்டார். அணியில் இருந்தவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள், மிச்சப் பேர் கடல் கடந்து போனார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் கம்பனி ஒரு விழா வைத்தது. பழைய வீரர்களின் பெயர்ப் பலகை ஒன்றைத் திறந்தார்கள். அதில் முதல் பெயர் என்னுடையது. எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. திரையை இழுத்தபோதுதான் கண்டேன். அவனையும் நான்தான் விழாவுக்கு அழைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்தான். என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் தந்தார்கள். எனக்கு இனி வேலை போகும் பயமில்லை. மைக் கையில் இருந்தது. நான் செய்ததெல்லாம் நன்றி சொல்லி, இளைஞர்கள் கட்டுப்பாட்டோடு விளையாட வேண்டும் என்று புத்திமதி சொன்னதுதான். அவன் எழுந்து நின்று கை தட்டினான். போகும்போது "நல்லாக் கதைச்சாய்" என்றான். குத்தலாகச் சொன்னானா என்று நான் பல நாள் யோசித்தேன். இல்லை, அவனுக்குக் குத்தத் தெரியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆகவே அன்று அவன் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போகும்போது முடிவோடுதான் போனேன். பெட்டியில் அவன் வேட்டி சால்வையோடு, திருநீறு பூசிய நெற்றியோடு கிடந்தான். கிரியை தொடங்க முன் தெரிந்தவர்கள் நாலு வார்த்தை பேசுவது அவன் வீட்டார் வழக்கம். ரியூசன் பிள்ளைகள் பேசினார்கள். பிளட் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பேசினார். நான் கையைத் தூக்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரில் இருக்கும் கோல்கள் முழுவதும் இவன் அடித்தவை. இவனைப்போல ஒருவன் இந்த நகரத்தில் விளையாடி நான் பார்க்கவில்லை. இவன் விளையாட்டை நிறுத்தியது நான் கெஞ்சியதால். பெயர்ப் பலகை பொய், கேடயம் பொய், எனக்கு ஓடவே தெரியாது. ஒரு சொல் விடவில்லை. சனங்கள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். ஒருவரும் அதிர்ச்சியடைந்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு விளங்கவில்லை.

மகள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அப்பா முதலே சொன்னவர்."

"என்ன சொன்னாரு?"

"உங்கட விளையாட்டைப் பற்றித்தான் எங்களுக்குச் சின்னனில கதை சொல்லுறவர். சேத்துக்குள்ள நீங்கள் மூண்டு கோல் அடிச்ச கதை. நீங்கள் கோல்கீப்பர் விழுந்து முடியும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனீங்களாம். இவ்வளவு பெரிய ஆட்டக்காரன், ஆனா ஒரு நாளும் தன்ர பேர் சொல்ல மாட்டான், மற்றவைதான் அடிச்சது எண்டு சொல்லிப்போடுவான் எண்டு சொல்லுவார்."

சொந்தப் பிள்ளைகளுக்குமா? தன் சொந்த வீட்டுக்குள்ளேயுமா அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான்?

"மகள், சத்தியமா அது உங்க அப்பா தான். அம்மா மேல ஆணையாச் சொல்றேன்."

"அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பந்தே தொடேல்ல அங்கிள். அவரே சொன்னவர்" என்றாள் அவள், சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல. "நீங்கள் வந்ததே அவருக்குப் பெரிய மரியாதை."

என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை. பெட்டியைப் பார்த்தேன். மைக்கில் யாரோ, பழைய நட்சத்திர ஆட்டக்காரர் நேரில் வந்து அஞ்சலி செலுத்தியதற்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொன்னார். என் பெயரைத் தெளிவாக, முழுதாகச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் கையை விடாமல் முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே குடும்பத்தவர்களோடு ஒரு கதிரை எனக்கென்று வைத்திருந்தார்கள். நான் போய் அதில் இருந்தேன்.